சிவப்புப் பொத்தான் மேல் ஜோதியின் கை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் சசிகலா அம்மையார் அவர்களே! மேடையில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் செயலாளர் அறிவரசன் அவர்களே! மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அருமைச் சகோதரர் செல்லமுத்து அவர்களே! ஆண்டிமடத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் உறவினர்களே! பெரம்பலூர், அரியலூர் பட்டறைகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! நாளைக் காலை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கும் பதினோரு பேரே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கொளஞ்சியப்பனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. முப்பத்தொரு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே வளர்ந்த தொண்டை இது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். காது வலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கப் பயிற்சிக்கூடத்தின் பயிற்றுநர் ஜோதி அவர்கள் மறைந்து இன்றோடு பதினாறு நாள். நாற்பத்திரண்டு வயது! தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மறுநாள் காலை இல்லை. இது என்ன நியாயம்? கிழடு நான் குத்துக்கல்லு மாதிரி நிற்கிறேன், போகக் கூடாதவர் போய்விட்டார்! இந்தப் பதினாறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

யார் இந்த ஜோதி? ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவர். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுப்பட்டு உள்ளங்கை கறுத்துப் போயிருக்கும். அந்தக் கையோடு முதல் நாள் இந்தக் கூடத்துக்குள் வந்தார். கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைச் செதுக்குகிற சி.என்.சி. மில்லிங் மெஷின் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அதன் முகப்பில் பார்த்தீர்கள் என்றால் வரிசை வரிசையாகப் பொத்தான்கள். எல்லாம் இங்கிலீஷ். நாங்கள் பத்துப் பேர் முழித்துக்கொண்டு நின்றோம். ஜோதி என்ன செய்தார் தெரியுமா? ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த முகப்பை அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, குழம்பு கொதிக்கிற நேரத்தில் அட்டையில் பொத்தான் அமுக்கிப் பழகினார்! செல்லமுத்து இங்கேதான் இருக்கிறார், கேளுங்கள். "என்னடி, அட்டையப் போட்டு குத்திக்கிட்டு இருக்க"ன்னு அவரே கிண்டல் செய்தவர்தான். மூன்றே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பொத்தான் எங்கே என்று சொன்னார் ஜோதி.

நம் செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் ஒன்று சொல்கிறேன். ஒருநாள் இங்கே படித்துக்கொண்டிருந்த நம் இலக்கியா, மெஷினுக்கு ஐம்பது என்று அடித்தார். ஐம்பது மில்லிமீட்டர் நகர வேண்டிய மேசை மயிரிழை நகர்ந்து நின்றுவிட்டது. மறுபடி அடித்தார், மறுபடி மயிரிழை. அவ்வளவுதான்! அறிவரசன் அவர்கள் "மெஷின் போச்சு, மெஷின் போச்சு" என்று திருச்சிக்குப் போன் போட்டு மெக்கானிக்கைக் கிளப்பிவிட்டார். ஜோதி வந்து திரையைப் பார்த்தார். "சார், ஐம்பதுக்குப் பின்னாடி புள்ளி வைக்கலீங்க" என்றார். புள்ளி இல்லாவிட்டால் ஐம்பதை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐம்பது பங்கு என்று எடுத்துக்கொள்ளுமாம் அந்த மெஷின். புள்ளி வைத்தார். மேசை ஓடியது. மெக்கானிக் சமயபுரம் தாண்டுவதற்குள் ரிப்பேர் முடிந்துவிட்டது! வந்த மனிதருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

சிரிங்க, தப்பில்லை. ஜோதி இருந்திருந்தால் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க விடமாட்டார். இந்தக் கூடத்தில் படித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மெஷினை ஓட்டுகிறவர் பச்சைப் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால், இன்னொருவர் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பெரிய சிவப்புப் பொத்தான், அமுக்கினால் எல்லாவற்றையும் அந்த நொடியே நிறுத்துகிற பொத்தான், அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் கேட்க வேண்டும்: "கை இருக்கா?" நிற்கிறவர் சொல்ல வேண்டும்: "இருக்கு." அதற்குப் பிறகுதான் பச்சை. எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. ஜோதி கொண்டுவந்த வழக்கம். "மெஷினுக்கு நம்ம மேல கோவமும் கெடையாது, பாசமும் கெடையாது. சொன்னதச் செய்யும். தப்பாச் சொன்னாலும் செய்யும். அதனால பக்கத்துல ஒரு மனுசன் வேணும்" என்பார். ஆறு வருஷம்! நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இங்கே படித்துப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கு நகக்கண்ணில் கீறல் உண்டா? ஒருவர் சொல்லுங்கள் பார்ப்போம்!

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இத்தனை நேரம் சுற்றி வளைத்ததே இதைச் சொல்லப் பயந்துதான்.

நாளைக்கு ஆரம்பிக்க வேண்டிய வகுப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளி வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு நடக்கிறது. உங்களில் பலர் அறிவரசனைத்தான் திட்டுகிறீர்கள். காதில் விழுந்தது. அவரைத் திட்டாதீர்கள். போன வாரம் அவர் என் வீடு தேடி அரும்பாவூருக்கு வந்தார். "அண்ணே, நீங்க வகுப்ப எடுங்க, உங்கள விட்டா ஆள் இல்ல" என்று கேட்டார். "முடியாது" என்றேன். "ஏண்ணே?" என்றார். கதவைச் சாத்தாத குறையாக அனுப்பி வைத்தேன். காரணம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

நான் பழைய மில்லிங் மெஷின் ஆள். கையால் பிடியைச் சுற்றி ஓட்டுகிற மெஷின். முப்பத்தொரு வருஷம்! அந்த மெஷினில் பிடியை இடப்பக்கம் சுற்றினால் மேசை கீழே இறங்கும், வெட்டும் கட்டருக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். ஆபத்து என்றால் இடப்பக்கம். அது என் ரத்தத்தில் ஊறிப்போனது. இந்தப் புது மெஷினிலும் ஒரு சின்னக் கைச்சக்கரம் இருக்கிறது. அதை இடப்பக்கம் சுற்றினால் என்ன ஆகும்? கட்டர் கீழே இறங்கும்! நேர் தலைகீழ்.

ஜோதியும் எங்களோடு படித்துக்கொண்டிருந்த அந்த முதல் வகுப்பில் என் முறை வந்தது. கட்டர் இரும்பைத் தொடுகிற இடத்தைக் கண்டுபிடிக்க நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, கையால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். காகிதம் பிடித்தால் தொட்டுவிட்டது என்று அர்த்தம். என் இடது கை காகிதத்தில். வலது கை சக்கரத்தில். "அண்ணே, ஒன்னுல வைங்க, நூறுல இருக்கு" என்று ஜோதி சொன்னார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார். "எனக்குத் தெரியும்மா, நீ சும்மா இரு" என்றேன். காகிதம் பிடித்தது. பதறினேன். விலக்க வேண்டும் என்று சரசரவென்று இடப்பக்கம் சுற்றினேன்.

பழைய பிடி என்றால் முட்டும்போது கை கனக்கும். இந்தச் சக்கரத்தில் கனமே இல்லை தோழர்களே! பஞ்சு மாதிரி சுற்றுகிறது. கட்டர் இறங்குகிறது. என் ரெண்டு விரல் அடியில். பட்டென்று ஒரு அடி. ஜோதியின் கை சிவப்புப் பொத்தான் மேல் விழுந்தது. மெஷின் நின்றது. விரலைத் தொட்ட இடத்தில் நின்றது.

இதோ அந்த ரெண்டு விரல். பாருங்கள்! நன்றாகப் பாருங்கள்!

இதற்கு நான் என்ன கைம்மாறு செய்தேன்? காலில் விழுந்தேனா? நன்றி சொன்னேனா? கூட நின்ற பெண்கள் எல்லாம் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே போய்க் குழுவுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். "ஜோதி பதற்றக்காரர், காரணமில்லாமல் மெஷினை நிறுத்துகிறார், இவரைப் பயிற்றுநர் ஆக்கினால் மெஷின் கெட்டுவிடும்" என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையது. மூத்த ஆள் எழுதினால் நம்ப மாட்டார்களா? நம்பினார்கள். எட்டு மாதம் அவருக்குப் பயிற்றுநர் பொறுப்பு தரவில்லை. எட்டு மாதமும் அவர் இதே கூடத்தில் இரும்புத் தூள் கூட்டிக்கொண்டிருந்தார். செல்லமுத்து, உன் மனைவிக்கு அந்தப் பொறுப்பு ஏன் தள்ளிப்போனது என்று நீ ஒருநாள் என்னிடமே கேட்டாய். "எனக்கென்னப்பா தெரியும்" என்று சொன்ன பாவி நான்தான்.

குழு விசாரித்தபோது ஜோதி என்ன சொன்னார்? "நிறுத்துனது நான்தாங்க" என்றார். ஒரே ஒரு வார்த்தை கூட என்னைப் பற்றி இல்லை! எனக்கே பொறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, விரல் விசயத்தச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க மறுநாள் வந்திருக்க மாட்டீங்கண்ணே. ரோசக்காரரு. இவ்வளவு இரும்பு தெரிஞ்ச ஆளு பாதியில நின்னுட்டா யாருக்கு நட்டம்? வாங்க, சக்கரத்தப் பிடிங்க. வலப்பக்கம் சுத்துனா மேல. சொல்லுங்க பாப்போம்" என்றார்.

வலப்பக்கம் சுற்றினால் மேலே. ஐம்பது வயதைத் தாண்டியவனை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நூறு தடவை சொல்ல வைத்தார். இன்றைக்கு நான் அந்த மெஷினைக் கை பிசகாமல் ஓட்டுகிறேன் என்றால் அது அந்த அம்மா போட்ட பிச்சை. பிறகு பொறுப்பும் அவருக்கு வந்தது. நான் புகாரைத் திரும்ப வாங்கினேனா? இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வருஷம் ஓட்டினேன். ஆள் போய்விட்டார். காகிதம் மட்டும் இன்னும் அலுவலக பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அவர் நின்ற இடத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பது? அதனால்தான் அறிவரசனிடம் முடியாது என்றேன். மரியாதைக்காக விலகினேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மண்ணாங்கட்டி! வெட்கத்துக்குப் பயந்து விலகினேன். அன்றைக்கும் வெட்கம், இன்றைக்கும் வெட்கம். அன்றைக்கு ஒருத்தியின் எட்டு மாதத்தைத் தின்றது. இன்றைக்குப் பதினோரு பேரின் வாழ்க்கையைத் தின்னப் பார்க்கிறது. விடுவேனா? விடமாட்டேன்!

தலைவர் அவர்களே, உங்கள் முன்னிலையில், இந்தச் சபை அறியச் சொல்கிறேன். அந்தப் புகார் பொய். எழுதியது நான். நாளைக் காலை பீரோவைத் திறந்து அதை எடுத்துக் கொடுங்கள். கிழிக்க மாட்டேன். "இது பொய்" என்று என் கையாலேயே மேலே எழுதி, கையெழுத்துப் போட்டு, மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைப்பேன். வருகிற ஒவ்வொரு வகுப்பும் முதலில் அதைப் படிக்கட்டும். அதற்குப் பிறகு பொத்தானைப் படிக்கலாம்.

செல்லமுத்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதே மன்னிக்க வேண்டும் என்று இல்லை. திட்ட வேண்டும் என்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அறிவரசன் அவர்களே, வகுப்பைத் தள்ளி வைக்க வேண்டாம். நான் எடுக்கிறேன். பதினோரு பேரும் பத்து மணிக்கு வந்துவிடுங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாங்க. வளையல், மோதிரம் வேண்டாம். பயம் இருந்தால் அதையும் கொண்டு வாங்க, பரவாயில்லை. எனக்கும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. நான் தனியாக ஓட்ட மாட்டேன். இந்தக் கூடத்தில் யாரும் தனியாக ஓட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆறு வருஷமாகச் சிவப்புப் பொத்தான் மேல் இருந்த கை இன்றைக்கு இல்லை. அந்த இடம் காலியாக இருக்கும் வரைக்கும் பச்சையைத் தொட மாட்டேன். இங்கேயே, இப்போதே கேட்கிறேன். கை இருக்கா?

என்ன, மூன்று குரல்தான் வருது? மெஷின் சத்தத்தில் இது கேட்குமா? இன்னொரு தரம் கேட்கிறேன். கை இருக்கா?

செல்லமுத்து... நீ எழுந்து நிற்கிறாயா? உட்காரப்பா. கேட்டது. உன் குரல் நன்றாகக் கேட்டது.

நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு.