தட்டில் வைத்த வாட்ச்

எனக்குக் கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் கிடையாது, ஐயா. வார் பட்ட இடத்தில் தோல் அரிக்கும். ஏரித் தண்ணீர் ஏறுவதையும் வடிவதையும் பார்த்தே நேரம் சொல்லிவிடுவேன். பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். என் ஆயுசில் ஒரே ஒரு பகல்தான் வாட்ச் கட்டியிருக்கிறேன். நடந்ததை நீயே எழுது என்று தாளும் பேனாவும் கொடுத்துவிட்டீர்கள். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் தணிகாசலம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் பங்களாவுக்குப் பதினோரு வருஷமாக நான்தான் காவல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் பங்களா அது. அதிகாரிகளும் அவர்களுடைய விருந்தாளிகளும் லீவு நாளைக் கழிக்க அங்கே வருவார்கள். சாவிக்கொத்து, தோட்டம், படகு மூன்றும் என் பொறுப்பு. சமையலுக்குக் கோவிந்தம்மா.

கோவிந்தம்மா திருப்பாச்சூர்க்காரி. வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவள். ஏரிக்கு அக்கரைக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் புயலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. இத்தனை வருஷம் தண்ணீரின் நடுவே இருந்தும் நீச்சல் பழகவில்லை. அவள் வைக்கும் மீன் குழம்பை வெள்ளைக்காரர்கள்கூடக் கண்ணில் நீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டுச் சாப்பிடுவார்கள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் எந்த நாளும் இருந்ததில்லை. இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை, சம்பூர்ணம். எழுபத்தொன்றாம் வருஷம் அவளுக்கு இருபத்தாறு முடிந்தது. மூன்று இடம் வந்து, பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதோடு சரி. நான்காவதாக வந்தவர்தான் துளசிராமன். கவரைப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாதுவான மனுஷன். அவர்கள் வீட்டில் எல்லாம் அவருடைய அத்தை அங்காளம்மாள் வைத்ததுதான் சட்டம். அந்த அம்மாள் நகையைப் பற்றிப் பெரிதாக வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஷிப்டுக்குப் போற புள்ள. கையில ஒரு வாட்சு வேணும், நைனா. ஃபாரின் வாட்சா இருந்தா நாலு பேரு மதிப்பான். நிச்சயத்தன்னிக்குத் தட்டுல வச்சி காட்டிடு. கல்யாணத்தன்னிக்குக் கட்டி வுடு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். திண்டாட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஃபாரின் வாட்ச்சை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், துடைத்து வைத்திருக்கிறேன். வாங்கும் நிலையில் இல்லை.

பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் சுப்பராயனும், ஆலையில் புது மெஷின் பூட்ட வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரும் பங்களாவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூநாரை பார்க்க வாடகைப் படகில் தீவுப் பக்கம் போனார்கள். உப்புக் காற்று ஆகாது என்று இரண்டு பேரும் வாட்ச்சைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்தார்கள். வெள்ளைக்காரருடையது தங்கம். மேனேஜர் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்து, "பத்திரம் தணிகாசலம், மதியம் நீ ஊருக்குப் போறதுன்னா சாவியை கோவிந்தம்மாகிட்ட குடுத்துட்டுப் போ" என்றார். அன்றைக்குத்தான் தங்கைக்கு நிச்சயம், முன்பே லீவு கேட்டிருந்தேன்.

நான் திருடவில்லை. அரை நாள் இரவல். தங்க வாட்ச்சை மடித்த துண்டில் வைத்துக்கொண்டேன். பெண்ணுக்கு அண்ணன் வெறுங்கையோடு போய் நின்றால் நன்றாயிருக்குமா என்று மேனேஜருடையதை என் கையில் கட்டிக்கொண்டேன். காலி இழுப்பறையைப் பூட்டி, சொன்னபடியே சாவியைக் கோவிந்தம்மாவிடம் கொடுத்தேன். இதில் எனக்கு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

அவள் கண் என் மணிக்கட்டுக்குப் போனது.

"இன்னாண்ணா, கையில மின்னுது?"

மறைக்கவில்லை. தட்டு விஷயத்தைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய், அம்மியில் அரைத்து வாழை இலையில் மடித்து வைத்திருந்த பச்சை மஞ்சளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சம்பூர்ணத்துக்குன்னு அரைச்சேன். தாலி அறுத்தவ அரைச்சதுன்னு அங்க சொல்லிக்கினு இருக்காதே. போய்க்கினு வாண்ணா. அவங்க வர்றதுக்குள்ள வந்துடு. நான் ஒண்ணும் பாக்கல."

பொன்னேரியில் ரயில் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்: தங்க வாட்ச் ஏழேகால் காட்டியது. வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் தன் ஊர் நேரத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார். அங்காளம்மாளின் ஆட்கள் பார்த்தால் வாட்ச் ஓட்டை என்பார்கள். பக்கத்தில் இருந்த குமிழை வெளியே இழுத்து, முள்ளைத் திருப்பி நம் நேரத்துக்கு வைத்தேன். குமிழைத் திரும்ப உள்ளே அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வாட்ச் கட்டாதவனுக்கு எப்படித் தெரியும்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, புடவை, நடுவில் வாட்ச். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என் தங்கை கதவோரம் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் தட்டில் வைக்கிற எதுவும் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் கை மாறும். அங்காளம்மாள் நான் கொண்டுபோன மஞ்சளைச் சொம்பில் கரைத்தாள். புடவைக்குத் தெளித்தாள். பூவுக்குத் தெளித்தாள். வாட்ச்சைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"கடல் தாண்டி வந்த சாமான். எவன் கட்டி அவுத்ததோ. தீட்டு போயிடட்டும்" என்று சொல்லிச் சொம்புக்குள் முக்கி எடுத்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிச்சயத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு மஞ்சள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும். மூன்று இடம் தட்டிப்போன பெண்ணின் அண்ணனுக்கு நிச்சயம் வராது. எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். நானும் சிரித்தேன். கல்யாணம் வரைக்கும் நானே வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் ரயிலில் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெளியே பளபளத்தது, கண்ணாடிக்கு உள்ளே, வெள்ளை முகப்பில், நான் அழுத்தாமல் விட்ட குமிழ் வழியாக அரை நகத்தளவுக்கு மஞ்சள் இறங்கியிருந்தது. முள்ளைப் பழையபடி வெள்ளைக்காரர் ஊர் நேரத்துக்கு மாற்றி வைத்தேன். பங்களாவுக்கு வந்து, கோவிந்தம்மாவிடம் சாவியை வாங்கி, இரண்டையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை மறுபடியும் அவளிடமே கொடுத்தேன்.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரர் வாட்ச்சை ஆட்டினார், தட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேனேஜர் வாங்கிப் பார்த்தார்.

"மஞ்சள். இந்த வீட்ல மஞ்சள் யாரு தொடுறது?"

"கோவிந்தம்மா அரைச்ச மஞ்சள், சார்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஐயா. அந்த மஞ்சள் அவள் அரைத்ததுதான். சாவி அவள் முந்தானையில்தான் இருந்தது. அவள் விரல்கள் எப்போதும்போல மஞ்சளாகத்தான் இருந்தன. மேனேஜர் அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நின்றாள். நான் படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். படகு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் அவளை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எல்லாம் மாற்றலாகிப் போய்விட்டார்கள். புதன்கிழமை வந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அது பிறகு கோணலாகவே கூடியது. விரல்கள் மடங்காது. கரண்டி பிடிக்க முடியாது. கடைசி வரைக்கும் என் பெயரை அவள் சொல்லவில்லை.

பங்களா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் என்னிடம் பேசினாள். "மாசில கல்யாணம். அந்தப் பொண்ணு பாவம். அது நல்லபடியா முடியட்டும். அப்பால நீயே சொல்லிடுண்ணா."

சொல்கிறேன் என்றேன். அந்த நிமிஷத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, செத்த வாட்ச் எனக்கு எதற்கு, உண்மையைச் சொன்ன அந்தக் காவல்காரனுக்குக் கொடு என்று மேனேஜரிடம் விட்டுவிட்டுப் போனாராம். மேனேஜர் நாலு பேருக்கு முன்னால் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. தானாக வந்தது. மாசியில் அதையே மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டேன். ஓடவில்லை என்று அவர் முகம் சுளிக்கவில்லை. போட்டோவுக்குக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு பெட்டியில் வைத்துவிட்டார். சம்பூர்ணம் சந்தோஷமாக இருந்தாள்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷனை ஏரிக்குக் கொடுத்தவளுக்குத் தினமும் பாட்டில், அதாவது முறைவைத்து வலை போடுகிற இடத்தில், விழும் மீனில் ஒரு பங்கு வைப்பார்கள். திருடிக்கு எதற்குப் பங்கு என்று ஊர்க்கூட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். வேலையும் இல்லை, மீனும் இல்லை. நான் வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கு ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு யாரும் கொடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் அரிசி கொண்டுபோனபோது கேட்டாள். புதுசாகப் போன பெண், ஒரு மாதம் போகட்டும் என்றேன். சித்திரையில் கேட்டாள். தங்கை முழுகாமல் இருக்கிறாள் என்றேன். கோவிந்தம்மாவுக்கு அந்த நேரத்திலும் முகம் மலர்ந்ததுதான் எனக்கு ஆச்சரியம். "மாங்கா வாங்கிக் குடுண்ணா" என்றாள். வைகாசியில் அவள் கேட்கவில்லை. சொன்னாள்.

"சனிக்கெழம மேனேஜர் வர்றாராமே. நானே சொல்லிடுறேண்ணா. உன் பேர் வராம சொல்ல முடியுமான்னு ராப்பகலா யோசிச்சேன். முடியல. என்னால பட்டினி கெடக்க முடியல. அக்கரையிலேர்ந்து என்னை இட்டுக்கினு வர்றியா? வேற யாரும் என்னைப் படகுல ஏத்த மாட்றாங்க."

என்னிடமே கேட்டாள், பாருங்கள். சனிக்கிழமை காலையில் போனேன். தலை சீவி, துவைத்த புடவை கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். காற்று சரியில்லை என்பதால் முகத்துவாரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு வந்தேன். அங்கே ஆழம் அதிகம். தண்ணீர் வடிகிற நேரம், இழுப்பு கடலைப் பார்த்து இருந்தது. பாயைத் திருப்பும்போது அந்தப் பக்கம் மாறி உட்கார் என்றேன். எழுந்தாள். பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது. படகு சாய்ந்தது. விழுந்துவிட்டாள்.

குப்பத்தில் இப்படித்தான் சொன்னேன். அவர்களும் விதி என்றார்கள். அன்றைக்கு ஸ்டேஷனிலும் இதையே எழுதி என் கைநாட்டு கேட்டார்கள். எனக்குக் கையெழுத்தே வரும் என்று கையெழுத்துப் போட்டேன்.

காற்று சரியாகத்தான் இருந்தது, ஐயா. நேர்வழியிலேயே வந்திருக்கலாம்.

நான் அவளைத் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் இல்லை. உடனே தள்ளுகழியை எடுத்து நீட்டினேன். நீட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் தலை மேலே வந்தது, "அண்ணா" என்றாள். கழியை அவளுடைய வலது கைப் பக்கமாக நீட்டினேன். அந்தக் கை கழியின்மேல் பட்டது. மடங்கவில்லை. வழுக்கியது. இடது பக்கம் நீட்ட இடம் இருந்தது. இரண்டாவது தடவையும் வலது பக்கமே நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவள் கையைத் தூக்கவில்லை.

இதற்கு அடுத்த கேள்வியும் கேட்டீர்கள்: ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று. போன வாரம் மாப்பிள்ளை அந்த வாட்ச்சைத் திருவள்ளூரில் தேசப்பன் கடைக்கு எடுத்துப் போனார். கூட நானும் போனேன். தேசப்பன் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு திறந்தார். பெட்ரோலில் கழுவினார். பஞ்சால் அந்த மஞ்சளை ஒற்றி எடுத்தார். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"இது கெடவே இல்லையே. தண்ணி பூந்த அன்னிக்கே கொண்டாந்திருந்தா இந்த லேசான துருகூட ஏறாம அப்பவே முடிஞ்சிருக்கும். கால் மணி நேர வேல" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பொன்னேரியில் இறங்காமல் அப்படியே அன்றைக்கு ரயில் மாறித் திருவள்ளூர் போயிருந்தால் என்று நினைத்தேன். அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமாம், கேட்டுக்கொண்டேன். வாட்ச்சில் தண்ணீர் புகுந்தால் எடுக்க முடியும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் கோவிந்தம்மா இன்றைக்கும் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் என் வருத்தம்.

வாட்ச்சை நேற்று நீங்கள் மாப்பிள்ளையிடமிருந்து வாங்கிச் சீட்டு ஒட்டி வைத்ததைப் பார்த்தேன். சம்பூர்ணம் வாசலில் நின்று அழுதாளாம். வழக்கு முடிந்ததும் அதை அவர்களிடமே சேர்த்துவிடுங்கள், ஐயா. திருட்டுச் சாமான் என்று எங்கேயும் எழுத வேண்டாம். அது எங்கள் வீட்டில் மஞ்சள் தெளித்து முறைப்படி கொடுத்த பொருள்.