ஒட்டி வந்த செல்களை ஒதுக்க விடாதவருக்கு

செல் ஒவ்வொன்றையும் விருந்தாளியைப் போல் தனியே உட்காரவைத்து நலம் விசாரிக்கும் நுண்மதியே! பெருங்குடல் புற்றுநோயின் பிடரியைப் பிடித்த பெருமகளே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஆய்வகத்தின் அன்பு அக்காவே! வணக்கம்.

கட்டியை மொத்தமாய் அரைத்து மரபணுக்களைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், "கூட்டத்தைக் கேட்டா இரைச்சல்தான் கேக்கும், ஒவ்வொருத்தரா கேளுங்கப்பா" என்று, ஒற்றைச் செல் மரபணு ஆய்வை இங்கே ஊன்றி வளர்த்த உரவோர் நீங்கள். திசுவைப் பதமாய்க் கரைத்து, செல்களைப் பக்குவமாய்ப் பிரிப்பதில் உங்கள் கைக்கு ஈடேது! குழாயைச் சற்று வேகமாய்க் குலுக்கினால் போதும், "அது என்ன உண்டியலா?" என்று வாசல்வரை கேட்கத் திட்டுவீர்கள். அந்தத் திட்டை வாங்காதவர் இந்த அரங்கில் எவருமில்லை.

கையுறைக்காக நீங்கள் நாளும் மல்லுக்கட்டிய எங்கள் கிடங்கு அண்ணனுக்கே குடலில் கட்டி வந்ததையும், கொடுத்த மருந்துகள் கைவிட்டதையும், அவரது திசு நம் மேசைக்கே வந்ததையும் மறக்க முடியுமா! கணினித் திரையில் அவரது செல்கள் பல இரண்டிரண்டாய் ஒட்டித் தெரிந்தன. பிரிக்கும்போது நேர்ந்த பிசகென்று வழக்கம்போல் அவற்றை ஒதுக்கிவிட்டோம். அடேயப்பா, என்ன சீற்றம் சீறினீர்கள்!

"என் கையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வராது. வந்திருக்குன்னா விடாம பிடிச்சிருக்குன்னு அர்த்தம். யாரு யாரைப் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க!"

பார்த்தோம். நோயெதிர்ப்புச் செல்கள் புற்றுச்செல்களைப் பற்றியபடி, அடிக்க மட்டும் முடியாமல் அடங்கிக் கிடந்தன. மருத்துவர்கள் தங்கள் சோதனையிலும் அதையே கண்டு, அவற்றின் கட்டை அவிழ்க்கும் மருந்தைக் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. சேதி வந்த அன்று, 'ஆய்வகத்தில் ஓடாதீர்' என்று எழுதி ஒட்டிய நீங்களே தாழ்வாரம் முழுக்க ஓடினீர்கள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

பிரிப்பதையே பணியாய்க் கொண்ட பண்பின் செல்வியே! முப்பதாண்டாய் உங்களோடு ஒட்டிக்கொண்ட எங்களையும் பிசகென்று ஒதுக்கிவிடாதீர்கள். நோய்நொடி அண்டாமல், நினைத்தபோது உறங்கி, நிம்மதியாய் எழுந்து, யாரையாவது திட்டிக்கொண்டே நெடுங்காலம் நலமோடு வாழ்க! வாழ்க!

இம்மடலை வாசிக்கும் அந்தக் கிடங்கு அண்ணனாகிய நான், சொந்தமாய் ஒரு வரி சேர்க்க எல்லோரிடமும் அடம்பிடித்து அனுமதி வாங்கியிருக்கிறேன்:

"தங்கச்சி, கையுறை எத்தனை பெட்டி வேணுமோ எடுத்துட்டுப் போம்மா. கையெழுத்துகூடப் போட வேணாம்."

என்றும் உங்கள் திட்டுக்கு ஏங்கும்,
ஆய்வகப் பணியாளர் அனைவரும்