கட்டில் வாய்தா

— இவ்வளவு முடியாம படுத்திருக்கீங்க, கட்டிலுக்கடியில இருக்கிற ஷூவுல மட்டும் ஈர மண்ணு எப்படி வந்துச்சு பெரியப்பா?

— ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமா கட்டிலுக்கடியில குனிஞ்சு பாக்கணுமா? உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலை பாரு. நான் என்ன சொல்றேன்னா, காலேஜ் படிச்சா மட்டும் போதாது கண்ணு. மரியாதையும் படிக்கணும்.

— சரி, மரியாதையாவே கேக்குறேன். உடம்பு எப்படி இருக்கு?

— எங்கே... எழுந்து உக்காந்தா தலை சுத்துது. கோர்ட்டுப் படி ஏறினா அங்கேயே விழுந்துருவேன்னு டாக்டரே சொல்லிட்டார். இன்னைக்கு வாய்தா கேக்கச் சொல்லி வக்கீலை அனுப்பியிருக்கேன்.

— போன தடவை முதுகு. அதுக்கு முந்தி கண்ணு. இப்ப தலையா?

— வயசானா எல்லாம் வரும்.

— எங்கம்மாவுக்கு வயசாகாமலே வந்துருச்சு. கிட்னி ரெண்டும் போச்சு. ஊசி குத்தின கையில பிளாஸ்திரியோட ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு வராந்தாவுல வந்து நிக்கிறாங்க. நீங்கதான் வர்றதில்லை.

— யாரு கேஸ் போடச் சொன்னா? போனாப் போகுதுன்னு மாடி ரூம்ல இருக்க விட்டேன். தம்பி பொண்டாட்டி என்னையே கூண்டுல ஏத்தப் பாக்குறா.

— அப்பா கண்ணை மூடின கையோட மாடித் தண்ணிக் குழாயையும் மூடினீங்களே, அதுவும் போனாப் போகுதுன்னா? அப்பாவும் நீங்களும் சேர்ந்து கட்டின வீடு. பாதி எங்கம்மாவோடது.

— கோர்ட்டு சொல்லட்டும். அதுக்கென்ன அவசரம்?

— உங்களுக்கு இல்லை. அம்மா போயிட்டா கேஸும் படுத்துரும்னு காத்திருக்கீங்க.

— நான் என்ன சொல்றேன்னா, அவளுக்கப்புறம் நீ ஒருத்தி. கட்டிக்கிட்டுப் போற பொண்ணு. அப்ப பெரியப்பா பாத்து ஏதாவது செய்யாமலா போயிருவேன்?

— நான் எங்கேயும் போறதா இல்லை. நீங்க பாத்து எதையும் செய்யவும் வேணாம். ஆமா, போனை ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க? உங்க வக்கீல் காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காராம்.

— சீக்காளிக்கு எதுக்குப் போனு? நிம்மதியாப் படுத்திருக்கேன்.

— ஏன், பேசவும் முடியலையா?

— யாரு சொன்னா? எழுந்திரிக்கத்தான் முடியாது. பேச்சு, ஞாபகம் எல்லாம் கல்லாட்டம் இருக்கு. உங்க தாத்தா காலத்துலேருந்து சொல்லவா?

— அவ்வளவு தூரம் வேணாம். வீடு கட்டின கதை போதும். சார், உள்ள வாங்க. அவர் சொன்னது கேட்டுச்சுல்ல?

— யாரு இது? யாரு கோட்டு போட்டுக்கிட்டு?

— ஜட்ஜ் வாய்தா குடுக்கலை பெரியப்பா. வர முடியாதவரை அவர் இருக்கிற இடத்துலயே விசாரிக்கணும்னு நாங்க மனு போட்டிருந்தோம். சரின்னு உங்க சாட்சியத்தை எழுதிக்க இந்த சாரைக் கோர்ட்டுக் கமிஷனரா அனுப்பியிருக்கார். அதைச் சொல்லத்தான் உங்க வக்கீல் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். கீழ வண்டி நிறுத்துறார். அம்மாவும் லிஃப்ட்ல வந்துக்கிட்டிருக்காங்க.

— ஏய், அந்த ஷூவை எடு இங்க! எனக்கு ஒண்ணுமில்லை. அடுத்த தடவை நான் கோர்ட்டுக்கே வர்றேன், நடந்தே வர்றேன்!

— எழுந்திரிக்காதீங்க ஐயா, தலை சுத்தும். படுத்தபடியே சத்தியம் பண்ணலாம்.