நிற்கும் பயிற்சி

கூடைப்பந்து பார்க்கிற பழக்கம் இல்லை என்று சொன்னீர்கள். பரவாயில்லை. இந்த நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் தேசிய அணி இந்த வருடத்துக்கு முன் உலகப் போட்டிக்கு ஒரு தடவைகூடத் தகுதி பெற்றதில்லை என்பது பலருக்குத் தெரியாமல் இருந்தது அதனால்தான்.

ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். எதிரணிக்காரன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்து வருகிறான். நீங்கள் அவன் வழியில் போய் நிற்கிறீர்கள். கால் அசையாமல் நின்று, அவன் உங்கள் நெஞ்சில் மோதி நீங்கள் மல்லாந்து விழுந்தால், தப்பு அவனுடையது. பந்து நமக்கு. கடைசி நேரத்தில் கால் பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பு உங்களுடையது. இவ்வளவுதான். ஆனால் நூறு கிலோ ஆள் ஓடி வரும்போது உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. கேட்க வைப்பது என் வேலை. தலைமைப் பயிற்சியாளர் பலகையில் அம்புக்குறி போடுவார். நான் உடம்புகளைப் பார்த்துக்கொள்வேன்.

சென்ற தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியச் சில நொடிகள். வழியில் போய் நின்றவன் என் மனைவியின் தம்பி. அவன் கால் நகர்ந்தது. ஒரு சாண்கூட இருக்காது. நடுவர் விசில் ஊதினார். அவர்களுக்கு இரண்டு எறிதல்கள் கிடைத்தன. இரண்டும் விழுந்தன.

ஊர் திரும்பிய மறுநாள் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் பாக்கெட்டைத் துடைத்துக் கொடுத்தபடியே கேட்டார்.

"உங்க மச்சான் வழி விட்டுட்டாராமே சார். இந்தக் காலத்துல இவ்வளவு மரியாதை தெரிஞ்ச பையன் எங்க கிடைக்கிறான்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அணியில் அவனை ஒட்டடைக்குச்சி என்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் தலை குனியாமல் நுழைய முடியாது அவனால். அன்று சாப்பிட வந்தபோதும் குனிந்துதான் வந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை. எதுவும் கேட்டுவிட வேண்டாம் என்று என் மனைவி அடுக்களையில் வைத்தே சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். எடை போதவில்லையோ என்று அப்போது நினைத்தேன்.

எடை காரணமில்லை. அடுத்த முகாமில் தெரிந்தது.

முதலில் பஞ்சு மெத்தையைக் கட்டிக்கொண்டு மோத வைத்தேன். பிறகு மெத்தையை எடுத்துவிட்டேன். எங்கள் அணியின் கனத்த ஆளுக்குப் பீரோ என்று பெயர். பீரோவை ஓடவிட்டு ஒவ்வொருவர் மேலும் மோதச் சொன்னேன். நகர்ந்தவனுக்கு முழங்காலுக்குக் கீழே மரச்சட்டத்தால் ஓர் அடி. ஒருவனுக்கு முன்பல் போனது. இன்னொருவனுக்கு விலாவில் விரிசல். பீரோ இளகிய மனசுக்காரன். ஓடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "மாப்ள, மனசுல வச்சுக்காதடா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவான். அரங்கைப் பெருக்குகிற அம்மா தினமும் தரையில் ரத்தம் துடைக்க வேண்டியிருந்தது. அதற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறேன்.

ஒருநாள் அணித்தலைவன் என்னைத் தனியாக அழைத்துப் போனான். தோளில் கை வைத்தான்.

"அண்ணே, இது விளையாட்டுண்ணே. பசங்களக் கொன்னுடாதீங்க."

தோளில் இருந்த கையை எடுத்து, சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கி உடைத்தேன். அது இடது கை. அவன் வலது கையால் எறிபவன். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன். பந்து பட்டுவிட்டது என்று மருத்துவரிடம் அவனாகவே சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. இந்த அணி தேறிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அதன்பிறகு எல்லோரும் நின்றார்கள். ஒட்டடைக்குச்சியைத் தவிர. நெஞ்சு முழுக்க நீலம் பாரித்துக் கிடந்தது, அப்படியும் கால் நகர்ந்தது. நகர்ந்துவிட்டு, சாரி மாமா என்பான். அவன் கோழை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைமைப் பயிற்சியாளர் அவன் பெயரை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். நான் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அன்று அவனே என்னைத் தேடி வந்தான்.

"மாமா, எதையாவது பண்ணுங்க. ஆயுசுக்கும் வழி விட்டவன்னு பேர் வாங்கிட்டு இருக்க முடியாது."

ஆகவே கேட்டது அவன்தான்.

மனிதன் மோதினால் வலிக்கும் என்று அவன் உடம்பு கற்றுவைத்திருந்தது. மனிதனைவிடப் பெரிய ஒன்று பாய்ந்து வந்து, மோதாமல் நின்றால், அந்தப் பாடம் அழிந்துவிடும் என்று யோசித்தேன். இப்போதும் அந்த யோசனையில் எனக்குப் பிழை தெரியவில்லை. அரங்கின் பின்னால் மண் தரையில் அணியின் வேன் நிற்கும். மற்றவர்கள் மதியம் சாப்பிடப் போனதும் அவனை அங்கே நிற்க வைத்து ஓட்டி வருவேன். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. அவனுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போடுவேன். நான் பிரேக் போடுவதற்கு முன்பே அவன் துள்ளி விலகியிருப்பான். ஒரு தடவை பக்கக் கண்ணாடி இடித்து முழங்கைத் தோல் கிழிந்து தொங்கியது. அக்கா கேட்டதற்குப் படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டான். எங்களுக்குள் அப்படி ஒரு நெருக்கம்.

கடைசி நாள் வண்டி ஜன்னலருகே வந்து குனிந்து பேசினான்.

"மாமா, இன்னிக்கு ஒரு தடவையோட போதும். டீம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

சரி, ஒரே தடவை என்றேன். அவன் போய் நின்றான்.

நடந்ததற்குப் பிறகு நான் நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். பிரேக் பிடிக்கவில்லை, ஆனால் அவன் நகரவில்லை என்றேன். பீரோ தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். உங்கள் போலீஸ் இலாகாவிடம், வண்டியைச் சுவரோரம் நிறுத்தும்போது நடந்த விபத்து என்று சொன்னேன். பழைய வண்டிதான், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பையன்களும் வாய் திறக்கவில்லை.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் எப்படிப் போனது என்று நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். இந்த முறையும் ஒரு புள்ளிதான். அணித்தலைவன் வழியில் போய் நின்றான். வந்தவனின் முழங்கால் அவன் முகத்தில் இறங்கியது. தாடை உடைந்த சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. அவன் கால் நகரவில்லை. பந்து நமக்கு. முதல் முறையாகத் தகுதி பெற்றோம். பையன்கள் ஒட்டடைக்குச்சியின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தம்பி பயப்படாமல் நின்றபடி போனான் என்பதுதான் என் மனைவிக்கும் இன்றுவரை ஆறுதல்.

இப்போது நீங்கள் சக்கரத் தடத்தின் படத்தைக் காட்டுகிறீர்கள். நேராக வந்த தடம் கடைசியில் ஏன் சுவர்ப்பக்கம் வளைகிறது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. வேறு யாரும் கேட்கவில்லை.

அவன் நகர்ந்தான். ஒரே எட்டில் விலகிச் சுவரோரம் போய்விட்டான். நேராக விட்டிருந்தால் வண்டி அவன் சட்டையைக்கூட உரசியிருக்காது. விலகிய பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். கேலி இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவன் சிரிப்பது போல. முகாம் தொடங்கியதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. என் கால் அதன்மேல்தான் இருந்தது. காலை எடுத்துப் பக்கத்து மிதியில் வைத்து அழுத்தினேன். ஸ்டியரிங்கை அவன் பக்கம் திருப்பினேன். யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துத்தான் செய்தேன். இறங்கிப் பார்த்தபோது, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். அதனால் பையன்களிடம் நான் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

வேறு யாராக இருந்தாலும் பிரேக்கை மிதித்திருப்பேன். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள முடியாது. இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.