மூணரை அடி

சாயங்காலம் ஆறரை மணி. ஈ காக்கா இல்லாத ரோடு... அது போய் முடியற இடத்துல மியூசியத்தோட எலும்புக் கிடங்கு. என் கூட்டாளியோட சித்திக்கு அங்கதான் வேலை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, உரக்கச் சொல்ற கதை இல்ல இது.

சித்தி பயந்த சுபாவம் கிடையாது. இருபது வருஷமா எலும்புங்களோட குப்பை கொட்டினவங்க. அன்னைக்கு மேஜையில இருந்தது கல்லாப் போன ஒரு தொடை எலும்பும், முட்டிக்குக் கீழ இருக்கிற எலும்பும். பல லட்சம் வருஷப் பழசு. தொடை எலும்பு முட்டிகிட்ட வரும்போது உள்பக்கமா சாஞ்சிருந்தது. குரங்குக்கு அப்படிச் சாயாது. நிமிர்ந்து ரெண்டு கால்ல நடந்த உடம்புக்குத்தான் சாயும். உயரம் மூணரை அடி. ஆனா குழந்தை இல்ல... வளர்ந்து முடிஞ்ச எலும்பு. கீழ் எலும்பு எப்பவோ ஒடிஞ்சு, கோணலாக் கூடியிருந்தது. காலை இழுத்து இழுத்துத்தான் நடந்திருக்கும்னு எழுதி வச்சாங்க.

கரண்ட் போச்சு. 'டக்'னு ஒரு சத்தம். கரண்ட்ல ஓடுற பூட்டு, கதவு இறுகிக்கிச்சு. ஜன்னல் கிடையாது. போன் வெளியில, பையில. சித்தி தடவித் தடவிக் கதவுகிட்ட வந்து தட்ட ஆரம்பிச்சாங்க. கை கன்னிப்போச்சு. யாரும் வரல.

அப்பத்தான் பின்னால... ஒரு அடி. அப்புறம் ஒரு இழுப்பு. தொப்... சர்ர். தொப்... சர்ர். சிமெண்ட் தரையில வெறுங்கால். வேண்டாம்னாலும் அவங்க மூளை கணக்குப் போட்டுது. ஒரு எட்டுக்கு ஒண்ணரை அடிகூட இல்ல. சத்தம் இடப்பக்கம் ஊனுது, வலப்பக்கம் இழுபடுது. மேஜையில இருந்ததும் வலது கால்தான்.

முன்னால கதவு. பின்னால அது. மழையில நனைஞ்ச ரோமத்தோட வாடை. பக்கத்துல வந்து நின்னுச்சு. இடுப்பு உயரத்துல சூடா மூச்சு பட்டுச்சு. சித்திக்குக் காது அடைச்சுக்கிச்சு. கை மட்டும் நிக்காம தட்டிக்கிட்டே இருந்துச்சு...

கதவு திறந்துச்சு. வாட்ச்மேன், கையில சாவியும் டார்ச்சும். சித்தி வெளியில வந்து விழுந்தாங்க. அவர் கதவைச் சாத்தல. பிடிச்சுக்கிட்டே உள்ள எட்டிப் பாத்தார்.

"மேடம், கூட ஒரு குழந்தையும் இருக்குல்ல? கீழ்ப்பக்கமா தட்டிச்சே... அதையும் கூப்பிடுங்க."

சித்தி எழுந்து, கதவை அவங்களே இழுத்துச் சாத்தினாங்க. பூட்டு விழுந்துச்சு.

வாட்ச்மேன் டார்ச்சைக் கதவோட கீழ்ப்பக்கம் அடிச்சார்.

உள்ள இருந்து... மெதுவா... ஒரே ஒரு தட்டு.