ஜூனிபர் கிளையில் ரிப்பன்

காபிக்கு நன்றி, சித்தப்பா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஆனால் காவல் நிலையத்துக் காபியில் குறை சொல்வது முறையல்ல. வயதைப் பார்த்தால் நீங்கள் என் மகனாக இருக்கலாம். இருந்தாலும் என் அப்பாவின் குலத்தில் பிறந்தவர், முறை முறைதான். சித்தப்பாவிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த ஓட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மாரத்தான் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, கணுக்கால் புதையும் நம் மணலில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். நம் வழக்கப்படி விடியலில் கிழக்கைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடுங்கள் என்றால், வெட்கப்பட்டுக்கொண்டே கத்துகிறார்கள். பாவம், நல்ல ஜனங்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வருடமும் தண்ணீர் மேசையில் நின்றேன். வழி காட்டும் சிவப்பு ரிப்பன்களைப் புதர்களில் கட்டியதும் நான்தான்.

இந்த வருடம் பாதையை வகுத்தவள் என் தங்கை. சின்னம்மா மகள் என்று வெளியாட்கள் எழுதிக்கொள்ளட்டும். நமக்கு அது தங்கைதான். பெற்றவள் வேலை தேடி ஊர் ஊராகப் போனபோது அவளை வளர்த்தவள் என் அம்மா. ஒரே கம்பளிக்குள் தூங்கினோம். பள்ளிப் பருவத்திலேயே பீனிக்ஸ் போய்விட்டாள். போன வருடம்தான் திரும்பி வந்து பந்தயக் குழுவில் சேர்ந்தாள். நம் நிலம் அவளுக்கு வரைபடத்தில்தான் தெரியும்.

அம்மா தன் ஹோகன் மண்வீட்டுக்குள்ளேயே இறந்தாள். வடக்குச் சுவரை உடைத்து உடலை வெளியே எடுத்தோம். அதோடு அந்த மண்வீடு அவளுடையது, நம்முடையது அல்ல; உயிரோடிருப்பவர் யாரும் அதை நெருங்கக்கூடாது. அதிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட நான் அடுப்புக்கு எடுத்ததில்லை. ஆடுகள் அந்தப் பக்கம் திரும்பினால் வளைத்து ஓட்டி வந்துவிடுவேன்.

அதனால்தான் பாதை எந்தப் பக்கம் போகிறது என்று தங்கையிடம் முன்கூட்டியே கேட்டேன். என் வீட்டில் ஆட்டுக்கறிச் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுப் பக்கமே போகாதுக்கா. அவ எனக்கும் அம்மாதானே?" என்றாள்.

நம்பினேன். என் மேசை வரைக்குமான பாதையில் அவள் ரிப்பன் கட்டினாள். மேசையைத் தாண்டிய பாதையில் நான் கட்டினேன்.

பந்தயத்தன்று ஒரு பெண் மேசைக்கு வந்து கைப்பேசியை நீட்டினாள். உடைந்த வடக்குச் சுவர் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் படத்தில். அழகான பழைய வீடு என்றாள். ஆமாம் என்று சொல்லி ஒரு ஆரஞ்சுத் துண்டு கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் வந்த எல்லோரிடமும் அதே படம் இருந்தது. கூட வளர்ந்தவளே கழுத்தறுத்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

பாதையை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. மாற்றினேன். எல்லோரும் அந்த வீட்டைத் தாண்டிப் போன பிறகு மாற்றி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியாட்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று நான் நினைத்தேன். முழங்கால் வலியோடு நொண்டி வந்த ஒரு பெரியவர்தான் கடைசி. அவர் கண்ணுக்கு மறையும் வரை காத்திருந்தேன். அவருக்கும் பின்னால் வருபவள் ஒருத்திதான்: ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வரும் என் தங்கை.

பாதை பிரியும் இடத்திலிருந்து என் ரிப்பன்களை அவிழ்த்து, பாறைமேட்டுப் பக்கம் கட்டினேன். அங்கே பாறை வழவழவென்று சரிந்து போய் விளிம்பில் முடியும். விளிம்பில் பட்டுப்போன ஜூனிபர் மரம் ஒன்று பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. அதன் கிளையில் கடைசி ரிப்பன். எட்டிப் பிடித்தால்தான் அவிழ்க்க முடியும்.

திரும்பி வந்து மேசையருகே நின்றேன். அவள் தோளில் ரிப்பன் கத்தையோடு வந்தாள்.

"என்ன டெல்ஃபீன் அக்கா, உன் ஆடுங்களாவது உனக்குச் சிரிக்கக் கத்துக்கொடுத்திருக்கலாமே. ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"அம்மா வீட்டு வழியா ஏன் விட்ட?" என்று கேட்டேன்.

ரிப்பன் கத்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அது சும்மா இடிஞ்ச வீடுக்கா. வர்றவங்களுக்கு அதான் பிடிக்குது. இனிமே மீதி ரிப்பன் எல்லாம் நீ கட்டினதுதானே?"

"நான் கட்டினதுதான்."

அது பொய் இல்லை. அவள் குடுவையில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் முடிச்சை அடையாளம் கண்டு, பாறைமேட்டுப் பக்கம் திரும்பி, கையசைத்துவிட்டு ஓடினாள். நல்ல ஓட்டக்காரி.

மத்தியானம் தேடத் தொடங்கினார்கள். பாறைமேடு கிழக்கே இருக்க, அவள் மேற்கே போனதைப் பார்த்தேன் என்று நான்தான் சொன்னேன். எங்கள் ராண்டெல் மாமாவும் அவர் பிள்ளைகளும் தொண்டை கட்டும்வரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நானும் அவர்களோடு கடைசிவரை நடந்தேன்.

அப்போது நீங்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்கள், சித்தப்பா. இன்று காலையிலிருந்து ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

"எல்லாரும் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நீ மட்டும் ஒரு தடவைகூட கூப்பிடலையே, ஏம்மா?"

இறந்தவர் பெயரை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்களும் அப்படித்தானே வளர்ந்தீர்கள். பள்ளத்தில் அவளுக்குச் சாயங்காலம்வரை உயிர் இருந்தது என்று டாக்டர் சொல்கிறாராம். அது எனக்குத் தெரியாது. அவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நான் மத்தியானத்திலிருந்தே செய்துகொண்டிருந்தேன்.