கனடாத் தாளும் கடலைமிட்டாயும்

கரிசல் காட்டின் கவலைகளைக் காது கொடுத்துக் கேட்டவரே! சட்டத்தின் சொல்லைச் சாமானியர் வாசல்வரை சேர்த்தவரே! கோவில்பட்டி சட்ட உதவி மையத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பிரேமா அம்மையாரே! வணக்கம்!

உங்கள் குணங்களை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தோம். 'பொறுமையின் வடிவே' என்ற வரியை, பொய் என்று நம் மையத்து எழுத்தர் கண்ணபிரான் அடித்துவிட்டார். ஆகவே, முன்வரிசையில் இருக்கும் வள்ளிமயிலின் சம்மதத்தோடு, அவள் கதையையே சொல்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் புதூரிலிருந்து பேருந்தேறி வந்தாள். ஒரு கையில் பெரிய உறை, மறுகையில் கடலைமிட்டாய். கனடா போன கணவன் மாரிராஜ், விசா அனுப்புவதாகச் சொல்லியே ஐந்து வருடம் கடத்தியிருந்தான். முத்திரையிட்ட ஆங்கிலத் தாளைக் கண்டதும் விசா வந்துவிட்டதென்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருந்தாள். எங்களுக்கும் கொடுத்தாள். நாங்கள் தின்றோம். நீங்கள் மட்டும் மிட்டாயை மேசையில் வைத்துவிட்டுத் தாளைப் படித்தீர்கள்.

"ஏட்டி, இது விசா இல்ல. அந்தூரு கோர்ட்டுல விவாகரத்து வாங்கி உன்னத் தீத்துவிட்டிருக்கான்."

தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்ததுதான் அவளுக்கு முதலில் நினைவு வந்தது. கணவன் அதற்குப் பிறகுதான். கை தானாகத் தாலிக்குப் போனது.

"அப்பம் நான் யாரு மேடம்? கொழுந்தன் வந்து, தாலியக் கழட்டிக் குடுத்துட்டு வெளிய போன்னா என்ன சொல்ல?"

"கழட்டணும்னா நீயாக் கழட்டு. அவன் கேட்டான்னு கழட்டாத. இந்தத் தாளு அங்கன செல்லும், இங்கன செல்லாது."

மணவாழ்வு முறிந்துபோயிற்று என்பதே அந்தத் தீர்ப்பு சொன்ன ஒரே காரணம். நம் இந்துத் திருமணச் சட்டத்தில் அந்தக் காரணம் இல்லை. அவள் அங்கே வழக்காடவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. ஆகவே அது இங்கே அவளைக் கட்டுப்படுத்தாது. இதை அவளுக்குப் புரியும்வரை மூன்று முறை சொன்னீர்கள். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே!

இன்னமும் மனைவிதான் என்ற நிம்மதி, பேருந்து நிலையம் போய்ச் சேருமுன் வற்றிவிட்டது. யாருக்கு மனைவி? விசா என்று ஏமாற்றியவனுக்கா? மறுவாரமே திரும்பி வந்தாள்.

"அவன் தீத்தது செல்லாதுல்லா? அப்பம் நான் தீத்துக்கிடுதேன்."

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டீர்கள் அம்மா! அன்றைக்கே வழக்கறிஞரை அமர்த்தித் தந்தீர்கள். கணவன் கைவிட்டதைக் காரணமாகச் சொல்லி அவள் வழக்குத் தொடுத்தாள். ஏற்கெனவே விவாகரத்து ஆகிவிட்டது என்று அவன் தரப்பு கனடாத் தாளை நீட்டியது. நம் ஊர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவள் கேட்ட விடுதலையை, அவள் சொன்ன காரணத்துக்காக, போன வாரம் அவளுக்கே கொடுத்தது!

நேற்று இந்த மடலை எழுதிக்கொண்டிருந்தபோது, மிட்டாய்ப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள்.

"என்னட்டி, மறுபடியுமா?" என்று பதறினீர்கள்.

"இந்தத் தடவ தீர்ப்பப் படிச்சிட்டுத்தான் மிட்டாய் வாங்குனேன் மேடம்!"

எதையும் முழுதாகப் படித்த பிறகே வாய் திறந்த பெருமாட்டியே! நோயற்ற உடலும், மங்காத கண்ணும், நிறைந்த ஆயுளும் பெற்று நீங்கள் வாழ்க! மடலை முழுதும் படித்தாயிற்று. வள்ளிமயிலின் மிட்டாய்த் தட்டு உங்கள் முன்னால் இருக்கிறது. இன்று நீங்கள்தான் முதலில் தின்ன வேண்டும்!

மிட்டாயை அவசரப்பட்டுத் தின்ற,
சட்ட உதவி மையப் பணியாளர்கள்,
கோவில்பட்டி.